இனிஷியல் மாற்றும் படிவம்: மறுமணக் குடும்பத்தில் இரண்டு பதின்வயதுப் பிள்ளைகள்

2024 அக்டோபரில் இந்தத் தம்பதி குடும்ப ஆலோசனைக்கு வந்தபோது சொன்ன பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கோபித்துக்கொண்டு அம்மாயி (அம்மாவின் தாய்) வீட்டுக்குப் போய்விட்டாள்; திரும்பி வர மறுக்கிறாள். பொதுத்தேர்வு நெருங்குகிறது, எப்படியாவது புத்தி சொல்லி அனுப்பிவையுங்கள் என்றார்கள். வீட்டில் பதினாறு வயதில் இன்னொரு பிள்ளை இருப்பது பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது. "பையனால் ஒரு தொந்தரவும் இல்லை, தங்கமான பிள்ளை" என்றார் அவனுடைய அப்பா. அதைக் கோப்பில் எழுதி அடிக்கோடிட்டு வைத்தேன். பதினாறு வயதுப் பையனால் ஒரு தொந்தரவும் இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கவலை வந்துவிடும்.

ஊர் திருச்சி. அதைத் தவிர, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் இருந்த வேறு குடும்பங்களின் செய்திகள் சிலவும் இதில் கலந்திருக்கின்றன. யாருக்கும் பெயர் இல்லை.

குடும்பம்

அம்மா, வயது 40, தனியார் பள்ளி ஆசிரியை. முதல் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனார். மருத்துவமனையிலிருந்து உடலை நேரே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினொரு வயது மகள் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தாயும் மகளும் அம்மாயி வீட்டுக்குப் போனார்கள். ஆக, இந்தப் பெண் உறையூரில் உள்ள புதுக் கணவரின் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒரு அப்பாவையும் ஒரு வீட்டையும் இழந்திருந்தாள்.

அம்மாவின் புதுக் கணவர், வயது 45, மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இந்த எழுத்தில் அவரைக் கடைக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். 'அப்பா' என்று எழுதினால் எந்த அப்பா என்ற குழப்பம் வரும், அந்தக் குழப்பம் வீட்டிலேயே போதுமான அளவு இருந்தது. 2019இல் பரஸ்பர சம்மதத்தின்பேரில் விவாகரத்து ஆனது. முதல் மனைவி சென்னையில் வேலை பார்க்கிறார். பையன் அப்பாவோடும் அப்பாயியோடும் (அப்பாவின் தாய்) இருந்தான். விடுமுறைகளில் சென்னை போய் வருவான்.

2024 தை மாதம் கோயிலில் சுருக்கமாகத் திருமணம் நடந்தது. வீட்டில் இரண்டு படுக்கையறைகள். குளியலறையோடு சேர்ந்த அறை தம்பதிக்கு. இன்னொன்றில் அதுவரை பையன் இருந்தான். அந்த அறை இப்போது பெண்ணுக்கும் அப்பாயிக்கும் என்றானது. பையனின் கட்டில் கூடத்துக்கு வந்தது. அவன் தானாகவே விட்டுக்கொடுத்தான் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அவனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கிழிந்த படிவம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளிகள் மாணவர் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் சரிபார்க்கச் சொல்வார்கள். மதிப்பெண் சான்றிதழில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு என்பது தமிழ்நாட்டில் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். இங்கே இன்னொரு அவசரமும் சேர்ந்துகொண்டது. இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி, மாறான வழக்கம் ஏதும் இல்லாவிட்டால், பதினைந்து வயது நிறையாத பிள்ளையைத்தான் தத்தெடுக்க முடியும். மகளுக்கு டிசம்பரில் பதினைந்து நிறைகிறது. "இப்போதே தத்துப் பத்திரம் எழுதி இனிஷியலையும் மாற்றிவிடு, நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று உறவினர் ஒருவர் சொல்ல, அம்மா படிவத்தைத் தானே பூர்த்தி செய்து, மகளிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

மகள் அதைப் படித்துப் பார்த்து, நான்காகக் கிழித்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் குரலை உயர்த்தினார். "என்னைக் கேட்க நீங்கள் யார்?" என்றாள். அப்பாயி தன் பங்குக்கு, "சோறு போடுகிற கையைக் கடிக்கிற பிள்ளை" என்றார். அன்று சாயங்காலமே புத்தகப் பையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அம்மாவின் மனத்தில் இருந்தது பயம். தான் மறுமணம் செய்துகொண்டதால் மகளுக்கு நாளை ஒரு குறை வந்துவிடக்கூடாது. ஒரே இனிஷியல் ஆகிவிட்டால் அந்தக் குறை மறைந்துவிடும் என்று நம்பினார். சட்டமும் அவருக்கு எதிராக இல்லை. 2022 ஜூலையில், ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தந்தை இறந்துவிட்டால் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை இயற்கைக் காப்பாளரான தாய்க்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவணங்களில் தாயின் புதுக் கணவரை 'மாற்றாந்தகப்பன்' என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவைக் கொடுமையானது என்றும் கண்டித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கில் தந்தை இறந்தபோது பிள்ளை கைக்குழந்தை. இங்கே பெண்ணுக்குப் பதினான்கு வயது. அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்குப் போனது நினைவிருக்கிற வயது. அவளுக்கு அப்பாவிடமிருந்து மிச்சமிருந்தது ஒரு போட்டோவும் ஓர் எழுத்தும். அந்த எழுத்தைத்தான் அம்மா எடுக்கப் பார்த்தார்.

பதினைந்து என்பதும் கடைசி நாள் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் வழியாகப் பதினெட்டு நிறையும் வரை, தாயின் புதுக் கணவர் பிள்ளையைத் தத்தெடுக்க வழி இருக்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையின் விருப்பத்தைக் கருத வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இதைச் சொன்னதும் அம்மாவின் தோள் தளர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை என்று அவரை யாரோ துரத்திக்கொண்டிருந்தார்கள்.

பெண் சொன்னது

வயதுவந்த பெண், வீட்டில் புதிதாக ஓர் ஆண், புதிதாக ஒரு பையன். அவள் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். இந்த நிலையில் குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்குகிற ஆலோசகர் தன் வேலையைச் செய்யவில்லை என்பேன். முதலில் அவளைத் தனியே பார்த்து, அந்த வீட்டில் அவள் பத்திரமாக உணர்கிறாளா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. கேட்பவருக்குக் கூச்சம் இருந்தால் பிள்ளைக்குப் பேச வராது. போக்சோ சட்டப்படி குற்றம் எதுவும் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அவளிடம் சொன்னேன். குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

அப்படி எதுவும் இல்லை என்றாள். பிறகு கொஞ்சம் நேரம் கழித்து, "பாத்ரூம் தாழ்ப்பாள் சரியாக விழாது" என்றாள். பொதுக் குளியலறையின் தாழ்ப்பாள் பல வருடமாகத் தளர்ந்து கிடந்தது. மூன்று பேர் இருந்த வீட்டில் அது யாருக்கும் உறைக்கவில்லை. இவள் வந்த நாளிலிருந்து, குளிக்கும்போது ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். எட்டு மாதத்துக்கும் மேலாக. அம்மாவிடம் சொன்னால் அம்மா அதை அவரிடம் சொல்வார், அவர் வந்து பார்ப்பார், அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அம்மா இதைக் கேட்டபோது முதலில் நம்பவில்லை, பிறகு, "அதனால்தான் குளியலறை வாசலில் எப்போதும் தண்ணீர் சிந்திக் கிடக்கிறதா? அதற்கும் அவளைத்தானே திட்டினேன்" என்றார்.

அடுத்தது போட்டோ. அம்மாயி வீட்டில் அப்பாவின் படம் சந்தன மாலையோடு, சின்ன பல்பு எரிய, கூடத்துச் சுவரில் இருந்தது. உறையூருக்கு வரும்போது மகள் அதை எடுத்து வந்தாள். கடைக்காரர் ஆணி அடித்துத் தருவதாகத்தான் சொன்னார். புதுமணத் தம்பதி இருக்கிற வீட்டில் இறந்தவர் படம் கூடாது என்று அப்பாயி தடுத்தார். அம்மா, மாமியாரிடம் முதல் வாரத்திலேயே சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தார். படம் ஒரு துண்டில் சுற்றப்பட்டு மகளின் பீரோவில், பள்ளிச் சீருடைக்குக் கீழே போனது.

பிறகு பாத்திரம். நான் வீட்டுக்குப் போன அன்று சமையலறையை நானே பார்த்தேன். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம் உண்டல்லவா? அம்மா தன் பழைய குடித்தனத்திலிருந்து கொண்டுவந்த தட்டு, தம்ளர், தூக்குவாளி எல்லாவற்றிலும் முதல் கணவரின் பெயரும் வருடமும் வெட்டியிருந்தன. அப்பாயி அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். "வேறொருத்தன் பெயர் போட்ட தட்டில் என் பிள்ளை எப்படிச் சாப்பிடுவான்?" அவர் கேட்டதில் அவருக்கொரு நியாயம் இருந்தது. ஆனால் ஒருநாள் பள்ளிவிட்டு வந்த மகள், அப்பாவின் தம்ளரைத் தேடி, அது இல்லாமல், யாரிடமும் கேட்காமல், அன்றிலிருந்து வீட்டில் காபி குடிப்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளை பாலுக்கு மாறிவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டிருக்கிறார்.

பெரிய சண்டைகளை விட இந்த மூன்றும் எனக்கு முக்கியமாகப் பட்டன. தாழ்ப்பாள், படம், தம்ளர். புதுக் கணவர் இவள்மேல் அன்பாக இருக்கிறாரா என்ற கேள்விக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை. அவர் அன்பாகத்தான் இருந்தார். பிறந்தநாளுக்கு வாட்ச் வாங்கித் தர ஏற்பாடு செய்துவைத்திருந்தார். வாட்ச் வேண்டாம், தாழ்ப்பாள் போதும் என்பதுதான் நிலைமை.

'மாமா' என்று கூப்பிட்டதில் வந்த வினை

அம்மாவும் கடைக்காரரும் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார்கள். ஒருவர் கூடத்தில் இருந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவது உண்மை. ஆனால் திருமணமான முதல் மாதங்களில் அப்படி இல்லை என்று இரண்டு பிள்ளைகளும் தனித்தனியே சொன்னார்கள். அவன் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவனுடைய கட்டுரை நோட்டில் இவள் எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறாள். அது சித்திரை வரை.

என்ன நடந்தது என்றால், புதுக் கணவரை எப்படிக் கூப்பிடுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அப்பா என்று சொல்ல வராது, மாமா என்று கூப்பிடட்டும் என்று முடிவு செய்தார்கள். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆனால் நம் உறவுமுறையில் ஒருவரை மாமா என்றால் அவர் மகன் முறைப்பையன். சித்திரையில் ஒரு காதணி விழாவில், பந்தியில், ஒரு அத்தை அதைச் சொல்லியே விட்டார்: "உனக்கென்னம்மா, மாப்பிள்ளையை வெளியே தேட வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறான்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சங்கடமாகச் சிரித்தார். பையன் எதிர்வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

அன்று முதல் அவள் கடைக்காரரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. மொட்டையாகப் பேசினாள், அல்லது சுவரைப் பார்த்துப் பேசினாள். மரியாதை தெரியாத பெண் என்று பெயர் வாங்கினாள். அவன் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தினான். அப்பாயி வேறு, இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் எதற்காவது உள்ளே வந்து நிற்க ஆரம்பித்தார். வெறுப்பு என்று பெரியவர்கள் நினைத்தது உண்மையில் வெட்கமும் அருவருப்பும். ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டிய இரண்டு பிள்ளைகளை அந்தக் கேலி ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்க முடியாதபடி செய்துவிட்டது. பந்தியில் பேசிவிட்டுப் போன அத்தைக்கு இன்றுவரை அது தெரியாது.

பையன்

அவனை வரவழைப்பது கஷ்டமாக இல்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வந்து, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். எல்லாக் கேள்விக்கும் "நன்றாக இருக்கிறேன் சார்." பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் மதிப்பெண் சரிந்திருந்தது. அவன் மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டிருந்தான். அது பிறகுதான் தெரிந்தது.

அவனிடம் வழி கிடைத்தது கடையைப் பற்றிப் பேசியபோது. 2019 முதல் 2024 வரை, பள்ளிவிட்டதும் கடைக்குப் போவான். இம்பெல்லர், புஷ், ஆயில் சீல் எல்லாம் எந்தப் பெட்டியில் எத்தனை இருக்கின்றன என்று மனப்பாடம். ஒன்பது மணிக்கு அப்பாவும் மகனுமாக ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, வழியில் பரோட்டாவோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அன்றைய வசூல் கணக்கை வண்டியின் பின்னால் உட்கார்ந்து இவன்தான் சொல்வான். மனைவி பிரிந்துபோன ஒரு மனிதருக்கு ஐந்து வருடம் அவன் மகனாக மட்டும் இருக்கவில்லை. பேச்சுத் துணை, கணக்குப்பிள்ளை, கூட்டாளி எல்லாமாக இருந்தான். திருமணத்துக்குப் பிறகு அப்பா எட்டு மணிக்கே கடையைச் சாத்தினார். எல்லாரும் சேர்ந்து மேசையில் சாப்பிட வேண்டும் என்பது அம்மா கொண்டுவந்த விதி. அதற்காகவே புதிதாக மேசை வாங்கியிருந்தார். பிளஸ் ஒன் பிள்ளை கடைக்கு வந்தால் படிப்புக் கெட்டுவிடும் என்பதும் அவர் சொன்ன யோசனைதான். நல்ல எண்ணத்தில் சொன்னது. அதோடு அவனுடைய உத்தியோகம் போயிற்று.

அவனுக்கு இன்னொரு பாரம் சென்னையிலிருந்து வந்தது. வாரம் இரண்டு முறை அவனுடைய அம்மா போன் செய்வார். சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்த கேள்வி, அப்பாவின் புது மனைவியைப் பற்றி, "அவள் எப்படி?" நன்றாக இருக்கிறார் என்று சொன்னால் அந்தப் பக்கம் மௌனம். குறை சொன்னால், அதை வைத்து அப்பாவுக்குத் தனியே போன் வரும். அதனால் இரண்டு பக்கமும் எதுவும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பழக்கம்தான் "தொந்தரவு இல்லாத தங்கமான பிள்ளை" என்று வெளியே தெரிந்தது. பெண்ணாவது படிவத்தைக் கிழித்தாள். இவன் நிலைமை அவளுடையதைவிட மோசம் என்பது என் கணிப்பு. கூட வேலை பார்க்கும் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, இருந்தாலும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுமணக் குடும்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களும் பிள்ளைகளின் இந்தச் சிரமத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் 1970களில் வர்ஜீனியாவில் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், பெற்றோரின் மறுமணத்தை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகளுக்கு மிகக் கடினமான வயது பதின்வயதின் தொடக்கம் என்று கண்டார். மாற்றாந்தகப்பனோடு பெண்பிள்ளைகளுக்கு வரும் உரசல் அதிகம் என்றும் கண்டார். இந்தத் துறையில் பெயர் பெற்ற பாட்ரிஷியா பேப்பர்நௌ, இத்தகைய குடும்பம் ஒரு நிலைக்கு வரச் சீக்கிரமென்றால் நான்கு ஆண்டுகள், சராசரியாக ஏழு ஆண்டுகள் ஆகும் என்கிறார். நம் கடைக்காரர் தம்பதி ஒன்பதாவது மாதத்திலேயே ஏன் இன்னும் ஒட்டவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு ஆண்டுகள் என்றதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். "பம்புக்குக்கூட நான் இரண்டு வருடம்தான் கேரண்டி தருகிறேன்."

செய்தது

முதலில் தத்தெடுப்புப் பேச்சையும் இனிஷியல் மாற்றத்தையும் நிறுத்தி வைத்தோம். அம்மாவே மகளிடம் போய், படிவம் இனி வராது, நீயாகக் கேட்டால் ஒழிய யாரும் கேட்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும் என்றேன். சொன்னார். பெயர்ப் பட்டியலில் பழைய இனிஷியலே போனது. ஒரே வீட்டு வாசலில் இரண்டு இனிஷியலில் கடிதம் வந்தால் தபால்காரர் ஒன்றும் திருப்பி எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை.

தாழ்ப்பாளைக் கடைக்காரர் அன்றைக்கே தன் கையால் மாற்றினார். யாரும் எதையும் பேசவில்லை. பெண் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தபோது புதிய பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது. பிற்பாடு நான் கேட்டபோது, "இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார், மேலே ஒன்று, கீழே ஒன்று" என்றாள். அந்த மனிதரைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கண்டிக்கும் அதிகாரத்தைப் பிரித்தோம். அவரவர் பெற்ற பிள்ளையை அவரவர் மட்டும் கண்டிப்பது. கடைக்காரருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. வீட்டுத் தலைவன் கேட்கக் கூடாதா என்றார். சட்டப்படிகூட அவர் அந்தப் பெண்ணுக்குக் காப்பாளர் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளரான தந்தை, தாய் என்பதில் மாற்றாந்தகப்பனும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. இதை அவரிடம் சொன்னேன், ஆனால் அவரைச் சமாதானப்படுத்தியது சட்டம் இல்லை. கடைக்கு வரும் புது ஆளிடம் முதல் வருடம் யார் வேலை வாங்குவார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தெரிந்த ஆள்தான் என்றார்.

பணத்தில்தான் அதிக நேரம் போயிற்று. மறுமணம் செய்துகொண்டதும் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த ரயில்வே குடும்ப ஓய்வூதியம் நின்று, மகளுக்கு மாறும். இருபத்தைந்து வயது வரை, அல்லது அதற்குள் அவள் திருமணம் செய்துகொள்ளும் வரையோ சம்பாதிக்கத் தொடங்கும் வரையோ கிடைக்கும். காப்பாளர் என்ற முறையில் அம்மாதான் கணக்கை நடத்தினார். மகளுக்கு யாரும் விளக்கவில்லை. அப்பாயி ஒருமுறை, மாதாமாதம் வருகிற பணத்தை வீட்டுச் செலவுக்குப் போடலாமே என்று சொன்னது மட்டும் காதில் விழுந்திருந்தது. தன் அப்பாவின் பணத்துக்காகத்தான் இந்தக் கல்யாணமே என்று அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பாஸ்புக்கை எடுத்துவந்து அவள் கையில் கொடுக்கச் சொன்னேன். பள்ளிக் கட்டணமும் டியூஷனும் தவிர ஒரு ரூபாய் எடுக்கப்படவில்லை. அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள், கால்குலேட்டர் கேட்டாள். சந்தேகப்படுகிறாளே என்று அம்மா அழுதார். அழ வேண்டாம், கூட்டிப் பார்க்கட்டும் என்றேன். இப்போது பாஸ்புக் அவள் பீரோவில் இருக்கிறது.

அப்பாயியிடம் நான் தோற்கத்தான் போகிறேன் என்று எண்ணியிருந்தேன். எழுபது வயதைக் கடந்தவர், ஐந்து வருடம் அந்த வீட்டைத் தாங்கியவர், ஒருநாள் காலையில் சமையலறை வேறொருத்தி கைக்குப் போனதைப் பார்த்தவர். அவருடைய வருத்தத்தை யாரும் கேட்டதில்லை. அவரைப் பேசவிட்டேன். நிறையப் பேசினார். தன் முதல் மருமகள் பிரிந்து போனபோது சீர்ப் பாத்திரம் அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதில் தொடங்கினார். இவருக்கும் பாத்திரத்துக்கும் அப்படி ஒரு கணக்கு பாக்கி இருந்தது. படத்தைக் கூடத்தில் மாட்ட அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனால் தானும் அந்தப் பெண்ணும் படுக்கும் அறையில், பெண்ணின் மேசைக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம் என்றார். பரணிலிருந்து தம்ளரை இறக்கியதும் அவர்தான். மற்ற பாத்திரங்கள் சாக்கிலேயே இருக்கின்றன.

பையனுக்குச் சனிக்கிழமை இரவைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்குப் போவது, ஷட்டர் இழுப்பது, வழியில் சாப்பிடுவது, அப்பாவும் மகனும் மட்டும். அன்று மேசை விதி கிடையாது. அம்மாவுக்கு முதலில் மனத்தாங்கல். தன்னை ஒதுக்குகிறார்கள் என்று தோன்றியது. சென்னையில் இருக்கும் தாயிடம் போனில் பேசினேன். மகனைச் செய்தி கேட்கும் ஆளாக வைத்திருப்பது அவருக்கே தெரியவில்லை. தெரிந்ததும் கோபப்பட்டார், என்மேல். ஆனால் அந்தக் கேள்வி நின்றுவிட்டது என்று பையன் சொன்னான்.

முறைப்பையன் விவகாரத்தை இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவில்லை. அது இன்னொரு பந்தியாகிவிடும். பெண்ணிடம், அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நீயே சொல் என்று விட்டேன். சித்தப்பா என்பது முடியாது. அவளுக்கு அப்பாவின் தம்பி, சொந்தச் சித்தப்பா இருக்கிறார். சில வாரம் கழித்து, "பெரியப்பா என்று சொல்லலாமா? எனக்குப் பெரியப்பா யாரும் இல்லை" என்று கேட்டாள். பெரியப்பா மகன் அண்ணன். அதை அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த முறை பையன் வந்தபோது, கணக்கு டியூஷன் மறுபடி நடக்கிறது என்று தானாகவே சொன்னான்.

2025 ஆகஸ்ட் நிலவரம்

பெண் பத்தாம் வகுப்பில் தேறிப் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். ஆடி அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் சித்தப்பா திதி கொடுக்கும்போது அவளும் போனாள். மறுமணம் செய்துகொண்ட அம்மா வரக்கூடாது என்று அந்தப் பக்கத்து உறவில் பேச்சு இருந்ததால் அம்மா போகவில்லை. அவளைக் கொண்டுபோய் விட்டது கடைக்காரர். படித்துறை வரை வராமல் சாலையிலேயே வண்டியோடு நின்றிருக்கிறார். கூட்டத்தில் வண்டியை எடுக்கச் சொல்லிப் போலீஸ்காரர் விரட்ட, மூன்று தெரு சுற்றி வந்திருக்கிறார். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அம்மா இன்னும் மகளின் போனை இரவில் சோதிக்கிறார். அதில் அடிக்கடி சண்டை. அப்பாயிக்கும் அம்மாவுக்கும் பேச்சு அளவாகத்தான் இருக்கிறது. பையனின் கட்டில் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது. மாடியில் ஓர் அறை எடுப்பதாகக் கடைக்காரர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. பிளஸ் டூ பிள்ளைக்குக் கதவு உள்ள அறை வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்கிறேன், அவர் மணல் விலையைச் சொல்கிறார். மதிப்பெண் பட்டியலில் போட்ட கையெழுத்தைப் பையன் அப்பாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். அதை ஒரு சனிக்கிழமை இரவு வண்டியில் வரும்போதே சொல்லியிருக்கிறான்.

சொத்துப் பேச்சைக் கடைக்காரரே எடுத்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தத்தெடுக்காத வரை மனைவியின் முதல் கணவருடைய மகள் அவருக்கு வாரிசு ஆக மாட்டாள். கொடுக்க விரும்பினால் உயில் எழுத வேண்டும். கடையில் ஒரு பங்கை அவளுக்கு எழுத நினைக்கிறார். அப்பாயிக்கு அதில் சம்மதம் இல்லை, உறையூர் வீடு அப்பாயி பெயரில் இருக்கிறது. பையனைக் கேட்டீர்களா என்றேன். இல்லை என்றார். எழுதுவதற்கு முன் அவனிடம் பேசச் சொல்லி அனுப்பினேன். இதற்கிடையில் பையன் தனியே ஒரு கோரிக்கையோடு வந்தான்: பொறியியலுக்குச் சென்னையில் சேரும்படி அவனுடைய அம்மா சொல்கிறார், அப்பா திருச்சியே போதும் என்கிறார், இருவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேச முடியுமா என்று கேட்டான். தனக்கு வேண்டியது ஒன்றை அவன் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பகலில், இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.